கொடிமரத்துக்கு ஒரு செங்கால்

மர மில்லில் என் முதல் நாள். முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம், என்னிடம் செங்கால் அடுக்கைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். என் காதில் செங்கல் என்று விழுந்தது. மில் முழுக்கச் சுற்றி, கேண்டீனுக்குப் பின்னால் சுவர் கட்ட இறக்கியிருந்த செங்கற்களைப் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்னை அழைத்துப்போய், பழுப்பில் லேசாகப் பச்சை ஓடிய ஒரு கனத்த கட்டையைத் தட்டிக் காட்டினார். அன்றுதான் செங்கால் மரம் எனக்கு அறிமுகமானது.

பத்து பாகாட் என்ற ஊருக்கு வெளியே இருக்கும் அந்த மில்லில் இருபத்தெட்டு வருடம் கிரேடராக இருந்தேன். அறுத்து வரும் மரம் என்ன மரம், என்ன தரம் என்று பார்த்து, டேலி ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் கிரேடர் வேலை. கருவி என்று பார்த்தால் ஒரு கத்தியும் ஒரு லென்ஸும். ஓய்வு பெற்ற பிறகு, புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் சிலர் என்னிடம் அனுபவம் கேட்டார்கள். மரத்தைச் சரியாகச் சொல்லியும் நான் தப்புச் செய்த கதையைத்தான் அவர்களுக்குச் சொன்னேன்.

ஊசித் துளை

என் அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்களைத் தோட்டத்திலிருந்து மாசாய்க்குக் கூட்டிவந்து, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து, என்னைப் படிவம் ஐந்து வரை படிக்கவைத்தவர் மாணிக்கம் சித்தப்பா. ஓய்வுக்குப் பிறகு வீட்டுப் பக்கத்திலிருந்த சின்ன அம்மன் கோயிலுக்குத் தலைவரானார். கொடிமரம் வைப்பதென்று முடிவானதும், "எங்க பொண்ணு மில்லுல இருக்கா, நல்ல செங்காலா அவ பாத்துக் குடுப்பா" என்று கூட்டத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

முப்பத்தாறு அடி, ஒரே மரம், வளைவு கூடாது, நடுவில் உளுத்திருக்கக் கூடாது. தேடிப் பிடிக்க மூன்று மாதம் ஆனது. கிடைத்த மரத்தைச் சதுரமாக அறுத்தபோது, ஒரு பக்கத்தில் ஊசியால் குத்தியதுபோல் அங்கங்கே சின்னத் துளைகள் இருந்தன. நாங்கள் பின்ஹோல் என்போம். மரம் பச்சையாக இருக்கும்போது ஒரு சிறு வண்டு போடுகிற துளை அது. காய்ந்த மரத்தில் அந்த வண்டு பிழைக்காது. செங்காலில் இது சகஜம் என்பதால், துளையைக் குறையாக எடுக்காத தரம் என்றே தனியாக ஒன்று உண்டு. மரத்தின் பலம் குறையாது.

சித்தப்பா கமிட்டி ஆட்கள் நாலு பேரோடு வேனில் வந்தார். கையில் மஞ்சள், குங்குமம், மாலை எல்லாம் இருந்தது. துளைகளைப் பார்த்ததும் எல்லோர் முகமும் மாறிவிட்டது. சித்தப்பா ஒரு துளையை நகத்தால் நெருடினார்.

"பூச்சி அரிச்சிருக்கேம்மா."

நான் விளக்கினேன். யாரும் கேட்பதாயில்லை. பக்கத்து அடுக்கில் மாசுமருவில்லாமல் வழவழவென்று ஒரு மரம் கிடந்தது. எல்லோரும் அதைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அது ரெசாக். அதுவும் கெட்டியான மரம்தான், ஆனால் செங்கால் இல்லை. சொன்னேன். பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறது, செங்கால் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, அப்படியே எழுதிக் கொடுத்துவிடு என்றார் சித்தப்பா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு மரத்தின் முனையையும் கத்தியால் சீவி, லென்ஸை அவர் கையில் திணித்தேன். செங்காலில் பிசின் வெள்ளைக் கோடு கோடாக ஓடும், ரெசாக்கில் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடக்கும். அவருக்கு எதுவும் பிடிபடவில்லை.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க சித்தப்பா. தெரியாத வேலையில கைய வைக்காதீங்க" என்றேன்.

அவர் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். மாலையை எடுத்துக்கொண்டு வேன்வரை நடந்தவர், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "நீ சொல்றது சரியாத்தாம்மா இருக்கும். இவங்க முன்னால சொல்லணுமா?"

அவர்கள் ரெசாக்குக்கே சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வியாழக்கிழமை லாரியில் ஏற்ற வேண்டும். தவுக்கேயும் என்னிடம், கொடிமரத்தின் மேல் செப்புத் தகடு போர்த்தப் போகிறார்கள், உள்ளே என்ன மரம் என்று யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். செங்கால் என்று எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. சித்தி எடுத்து, சாப்பிடுகிறார் என்றார். ராத்திரியும் சாப்பிடுகிறார், மறுநாள் காலையும் சாப்பிடுகிறார்.

மாக்சிக் ரோக்கியாவின் தூண்

திங்கட்கிழமை, எங்கள் பழைய வாடிக்கையாளர், நாங்கள் மாக்சிக் என்று மலாயில் அத்தை முறை வைத்துக் கூப்பிடும் ரோக்கியா, தரைப்பலகை வாங்க வந்தார். ஆற்றோரத்தில் ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், அவருக்கு ஒரு மர வீடு. சாக்கடை வெட்டுவதற்காக வீட்டைப் பின்னால் தள்ளிக் கட்டுகிறார்கள், தூண்களைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள், திரும்ப நடலாமா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். சாயங்காலம் போனேன். எல்லாம் செங்கால். அவருடைய மாமனார் காலத்தில் நட்டவை. தூண் தூணாகத் தடவிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஊசித் துளை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மாசாய்க்குப் போனேன். சித்தப்பா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னேன்.

"சித்தப்பா, அவங்க முன்னால உங்கள அப்படிப் பேசினது என் தப்பு."

அவர் குழாயை மூடிவிட்டு வந்து கேட்டைத் திறந்தார். சித்தி தேநீர் கொடுத்தார். குடித்து முடித்ததும், மரத்தைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை, ஓர் இடத்துக்கு மட்டும் வாருங்கள் என்று கேட்டேன். இரண்டு மணி நேரப் பயணத்தில் அவர் பேசியது ஒரே ஒரு தடவை. ஏர்கானைக் குறைக்கச் சொன்னார்.

தூண்கள் புல்லில் கிடந்தன. சேற்றுக்குள் இருந்த அடிப்பாகம் கருகருவென்று இருந்தது. நான் எதையும் விளக்காமல் கத்தியை அவர் கையில் கொடுத்தேன். அவர் குந்தி உட்கார்ந்து சீவினார். கறுப்புத் தோலுக்கு அடியில் நேற்று அறுத்தது போல மஞ்சள் பழுப்பில் மரம். அதில் துளைகள். இன்னும் ஆழமாகச் சீவினார். கத்தி இறங்க மறுத்தது.

"அதே ஓட்டைதானா?"

"அதேதான் சித்தப்பா."

மாக்சிக் எங்களை உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார். இந்த மரத்தில்தான் மாமனார் படகு கட்டினாராம். பலகை இடுக்கை அடைக்கவும் செங்காலின் பிசினையே இடித்து, எண்ணெயில் குழைத்துப் பூசுவார்களாம். ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, கண்ணாடிக் கல் போன்ற பிசின் கட்டிகளைக் காட்டினார். அடுப்பு மூட்டுவதற்கு வைத்திருக்கிறாராம். ஒன்றைப் பற்றவைத்ததும் புகை எழுந்தது.

சித்தப்பா நிமிர்ந்தார். "இது குங்கிலியம்மா."

எனக்கே அது அதுவரை தோன்றியதில்லை. எத்தனையோ வருடம் அந்தப் பிசினை லென்ஸில் பார்த்திருக்கிறேன், முகர்ந்து பார்த்ததில்லை. நாங்கள் சாமிக்குப் போடும் புகையும் இப்படித்தான் வாசம் அடிக்கும் என்று சித்தப்பா மலாயில் மாக்சிக்கிடம் சொன்னார். அப்புறம் இரண்டு பேருமே நிறுத்தவில்லை. கிளம்பும்போது மாக்சிக் ஒரு கை நிறையப் பிசினை அள்ளிப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார்.

காரில் ஏறியதும் சித்தப்பா சொன்னார்: "வியாழக்கிழமை அந்த ஓட்ட மரத்தையே ஏத்து. அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

தகடு போர்த்தும் முன்

சுலபமாக முடியவில்லை. இரண்டு பேர் ஒப்புக்கொள்ளவே இல்லை, ஒருவர் கூட்டத்திலிருந்து எழுந்து போய்விட்டார். சித்தப்பா வீடு வீடாகப் போய், தூணிலிருந்து சீவிய சில்லைக் காட்டிப் பேசியிருக்கிறார். கடைசியில் செங்காலே கோயிலில் இறங்கியது. தச்சர் அதை உருண்டையாகச் செதுக்கி முடித்ததும், தகடு போர்த்தும் நாளன்று என்னை வரச் சொன்னார்கள். போனால், கமிட்டி மொத்தமும் நிற்கிறது. கோபித்துக்கொண்டு போனவரும் இருந்தார். சித்தப்பா என்னை மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இந்த ஓட்ட எதனால வந்துச்சுன்னு நீயே சொல்லும்மா. எனக்குத் தெரியாது, நான் சொன்னா தப்பாயிடும்."

தெரியாது என்பதை அத்தனை பேர் முன்னால் அவரே சொன்னார். வண்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் முடித்தேன்.

பிள்ளைகளுக்கு நான் சொன்னது இதுதான். டேலி ஷீட்டில் பொய் எழுதாதீர்கள், யார் கேட்டாலும். ஆனால் வந்தவர் தப்பான மரத்தைக் காட்டினால், அவரைக் கொஞ்சம் தள்ளித் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லுங்கள். கத்தியை அவரிடமே கொடுங்கள், அவரே சீவிப் பார்க்கட்டும். கையெழுத்துப் போடாமல் நின்றதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. மில்லில் அன்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்ன அந்த இரண்டு வரிகளுக்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.