தவளைக் குளத்துக்கு இரண்டு பேர்

எதையும் வெட்டித் தள்ளுகிறாள் என்று அவளுக்குக் கத்தரி எனப் பட்டப்பெயர் வைத்தவர்கள் எதிரிகள் அல்ல, இணையத்தில் கூட வேலை பார்ப்பவர்கள்தான். பகலில் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துவாள். அது வயிற்றுப் பிழைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி மடிக்கணினியைத் திறந்தால்தான் அவளுடைய ராஜ்ஜியம் ஆரம்பம்.

உலகம் முழுக்க இருக்கிற தொண்டர்கள் கூடி, யாரிடமும் காசு வாங்காமல் கணினிகளுக்கான ஒரு இயங்குதளத்தை நடத்துகிறார்கள். அதன் களஞ்சியத்தில் மென்பொருள்கள் மலைமலையாகக் குவிந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பேக்கேஜ். ஒவ்வொன்றையும் கவனித்துக்கொள்ள ஒரு பராமரிப்பாளர் வேண்டும். ஆனால் மனுஷர்கள் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், வேலை மாறுகிறார்கள், சலித்துப்போய் எழுந்து போகிறார்கள். அப்புறம் அந்தப் பேக்கேஜ் நாதியில்லாமல் கிடக்கும். சுற்றியிருக்கிறதெல்லாம் புதுசாக மாற மாற, அது மட்டும் முரண்டு பிடித்து நின்றுபோகும். அப்படிப்பட்டதைத் தேடிப் பிடித்து, "இதை நீக்கப்போகிறேன், யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று பொதுவில் கேட்டு, கெடு முடிந்ததும் தூக்கிக் கடாசுவதுதான் கத்தரியின் வேலை. கடாசிய அன்றைக்கு அவளுக்கு அப்படியொரு சுகமான தூக்கம் வரும்.

அழுகிறவர்களும் உண்டு. "அதோடுதான் நான் வளர்ந்தேன், அதைப் போய் எடுக்கிறீர்களே!" என்பார்கள். எல்லாருக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: "பாசம் இருந்தால் பராமரிப்பாளராகச் சேருங்கள். இல்லையென்றால் வழியை விடுங்கள்."

வீட்டிலும் இதே தர்பார்தான். மூடி தொலைந்த டப்பாவோ ஜோடி தொலைந்த காலுறையோ அவள் கண்ணில் பட்டால் அன்றோடு அதன் ஆயுசு முடிந்தது. கட்டிய புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பழைய ஆணிகளையும் ஸ்க்ரூக்களையும் பழைய ஷூவுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் பாவம்.

அன்று சாப்பிடும்போது கத்தரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, புரையேறிவிட்டது.

"ஏங்க, இதைக் கேளுங்களேன். தவளைக் குளம்னு ஒரு விளையாட்டு. ரெண்டு பேர் நெட்டுல ஆடணும். இந்தக் கரைத் தவளை அந்தக் கரைக்குத் தாண்டணுமாம். எழுதின ஆளு எங்க போனான்னே தெரியல. இயங்குதளத்துக்குப் புது வெர்ஷன் வந்தா இது ஓடவே ஓடாது, நீக்கறேன்னு பொதுவுல போட்டுட்டேன். சரி, எத்தனை பேர் வெச்சிருக்காங்கன்னு கணக்கு எடுத்துப் பார்த்தேன். ரெண்டு! இத்தனை பெரிய உலகத்துல ரெண்டே ரெண்டு பேர்! யாருங்க அந்த ரெண்டு லூசு?"

லிஃப்ட் மெக்கானிக் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒண்ணு நான்."

"நீங்களா? வாஷிங் மெஷின் பக்கத்துல உட்கார்ந்து தினமும் லிஃப்ட் வரைபடம் பார்க்கறேன்னு சொல்வீங்களே, அது இதுதானா? சரி, இன்னொண்ணு யாரு?"

"அவன்."

கத்தரியின் சிரிப்பு பட்டென்று நின்றது. அந்த வீட்டில் "அவன்" என்றால் அவருடைய தம்பி. அண்ணனும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிறது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்கே இந்தக் கதி. அண்ணனும் தம்பியும் பீரோவைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பீரோ தடதடவென்று கீழே போய்விட்டது. முதலில் பிடியை விட்டது யார் என்பதில் பிடித்த சண்டை, பிறந்ததிலிருந்து உள்ள கணக்கையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. தம்பி கோபித்துக்கொண்டு ஊரைவிட்டே போனான்.

"அதுல பேசிக்கறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பேச அதுல இடமே கிடையாது. தவளை மட்டும்தான் தாண்டும். சண்டைக்கு முன்னாடியிலேர்ந்து ஆடறோம். சண்டை போட்ட மறுநாள் சும்மா திறந்து பார்த்தேன், அவனும் வந்து உட்கார்ந்திருந்தான்."

"யாரு ஜெயிப்பீங்க?"

"அவன்தான். திருட்டுப் பய." சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

கத்தரி எத்தனையோ வெட்டியிருக்கிறாள், மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. கெடு வேறு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. தானே கேட்டுத் தானே வாபஸ் வாங்கினால் களஞ்சியமே கைகொட்டிச் சிரிக்கும்.

"பாசம் இருந்தா பராமரிப்பாளரா சேரணும், அதானே?" என்றார் புருஷன். "நான் சேர்றேன்."

"உங்களுக்கு டைப் அடிக்கவே ஒத்தை விரல்தானே!"

"அந்த ஒத்தை விரலால எத்தனை லிஃப்ட்டை மேல ஏத்தியிருக்கேன்!"

அவள் சொல்லச் சொல்ல அவர் விளையாட்டின் நிரலைத் திருத்தி டைப் அடித்தார். பராமரிப்பாளர் அவர்தான், தான் கீபோர்டைத் தொடக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் எல்லாத் தவளையும் பின்னால் தாண்டியது. மறுநாள் தவளைகள் ஒழுங்காகத் தாண்டின, ஆனால் குளத்தைக் காணோம். மூன்றாம் நாள் ஒரே ஒரு தவளை மட்டும் கரையை விட்டு வெளியேறித் திரையின் மூலைக்குப் போய் நின்றுகொண்டது. இருவரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். அழவேண்டிய நேரத்தில் இப்படிச் சிரிப்பு வருகிறதே என்று நினைத்து மறுபடி சிரித்தார்கள். அன்றே எல்லாம் சரியாயிற்று.

ஆனால் ஒரு சிக்கல். புதுத் தவளைகளும் பழைய தவளைகளும் ஒன்றோடொன்று ஆடாது. தம்பியும் புதுசை ஏற்றியாக வேண்டும். அதை அவனுக்கு யார் சொல்வது?

"என்கிட்ட நம்பர் இல்ல," என்றார் அவர்.

கத்தரி தன் போனை நீட்டினாள். எதையும் அழித்துத் தள்ளும் அவள் அந்த எண்ணை மட்டும் இத்தனை வருஷமாக வைத்திருந்தாள். அவர் கரண்ட் கம்பியைப் பிடிப்பதுபோல அதை வாங்கினார்.

"நான்தான்டா. அந்தத் தவளைக் குளத்துல புது வெர்ஷன்..."

மறுபக்கத்திலிருந்து தம்பி, "ஏண்ணே மூணு நாளா ஆட வரல?"

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேண்ணே. தினமும் குளத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

கத்தரி போனைப் பிடுங்கினாள். "தம்பி, அண்ணி பேசறேன். அவருக்கு ஒண்ணுமில்லப்பா. குளத்தை ரிப்பேர் பண்ணிட்டிருந்தாரு."

"அண்ணனா? ஐயோ அண்ணி, தவளையெல்லாம் உயிரோட இருக்கா?"

போன் மறுபடி கை மாறியது. சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவளுக்கு, "பீரோவை நீதான்டா விட்ட", "நீதாண்ணே விட்ட" என்று மாறி மாறிக் கேட்டது. இடையிடையே இரண்டு பேரும் கெக்கேபிக்கே என்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தன் கோரிக்கையைக் கத்தரியே முடித்துவைத்தாள். பராமரிப்பாளர் கிடைத்துவிட்டார், ஒருவரல்ல, இருவர். புது வெர்ஷனின் விளக்கத்தில் தம்பி தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தான்: "பீரோவை விட்டவர் மூத்த பராமரிப்பாளர்." தேவையில்லாத வரியை அவள் யாருக்கும் விட்டுவைத்ததில்லை. இதை மட்டும் விட்டுவைத்தாள்.

அடுத்த வாரமே அண்ணன் ஒரு வெர்ஷன் விட்டார், "இளைய பராமரிப்பாளர்" என்று திருத்தி. மறுநாள் தம்பி அதைப் பழையபடி மாற்றி ஒன்று விட்டான். பீரோ என்றால் என்ன மென்பொருள் என்று எங்கிருந்தெல்லாமோ கேட்கிறார்கள், கத்தரி வாயைத் திறப்பதில்லை. களஞ்சியத்திலேயே ஓயாமல் புதுப்பிக்கப்படுகிற பேக்கேஜ் இப்போது அதுதான். இனி அவளே நினைத்தாலும் அதை நீக்க முடியாது.