ஜன்னலோரக் கட்டிலில் பதினோரு பொட்டுகள்

என் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று டாக்டர் சொன்னபோது எனக்கு இருபத்தாறு வயது. நான் இன்னும் குணமாகவில்லை. ஆனாலும் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அவர் கேட்ட விதம் இன்றுவரை எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் சகோதரிகளே, இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்துவிட்டு, இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளில் காயத்துக்கு வைத்துக் கட்டும் காஸ் துணி தயாரிக்கும் ஒரு யூனிட்டில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு துண்டுத் துணியைத் தண்ணீரில் போடுவேன். பத்து வினாடிக்குள் மூழ்கினால் பாஸ். மிதந்தால் அந்த லாட் முழுவதும் மறுபடி வெளுக்கப் போகும். எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் எழுதுவேன்: வேண்டியது என்ன, வந்தது என்ன, தேதி, கையெழுத்து. நோய் வந்தபின் ஜெபத்தையும் அப்படியே ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். அதுதான் நான் செய்த தவறு.

முதல் ஐந்து மாதம் டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு முறை மதுரைக்குப் போனோம், அம்மாவும் நானும். விடியுமுன் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். திரும்பும் பஸ்ஸில் வாந்தி வரும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். ஒருநாள் கிருஷ்ணன்கோவிலில் பஸ் நின்றபோது, இறங்கி ரோட்டோரமாகப் படுத்துக்கொள்ளலாம், இனி எங்கேயும் போக வேண்டாம் என்று தோன்றியது. அம்மாவிடம் சொல்லவில்லை. மறுபக்கம் திரும்பி அழுததை அம்மாவும் என்னிடம் சொல்லவில்லை.

பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் டயாலிசிஸ் உண்டு. ஆனால் இடம் காலியில்லை, பெயரை எழுதிவைக்கிறோம் என்றிருந்தார்கள். பஸ்ஸில் அப்படித் தோன்றிய அன்று வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்தேன்.

ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் இடம்.
இரண்டு, செவ்வாய், வெள்ளி.
மூன்று, காலை ஷிப்ட்.
நான்கு, முடிந்தால் ஜன்னலோரம்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, ஆண்டவருக்கே ஆர்டர் ஷீட் போடுதியா? டெலிவரி தேதியையும் எழுதிரு."

எழுதினேன். மாதக் கடைசிக்குள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் போன் வந்தது. செவ்வாய், வெள்ளி. காலை. ஜன்னலோரக் கட்டில். நான்கு வரிக்கும் டிக் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். உங்களில் சிலர் அன்று கை தட்டினீர்கள். அந்தச் சாட்சியில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அப்போது எனக்கே அது தெரியாது.

முதல் நாள் அந்தக் கட்டிலில் படுத்தபோது பக்கக் கம்பியில் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டுகள் இருந்தன. எல்லாம் மெரூன் நிறம். எண்ணினேன், பதினொன்று.

"சிஸ்டர், இது யாரோடது?"

"முத்துலட்சுமி அக்காவோடது. படுக்கும்போது நெத்தியில இருந்து எடுத்து ஒட்டுவாங்க. போகும்போது மறந்துருவாங்க. நானும் தொடச்சுப் பாத்தேன், போக மாட்டேங்குது."

"இப்ப அவங்க எந்த ஷிப்ட்?"

சிஸ்டர் என் கையில் டேப்பை ஒட்டி முடித்தார். பிறகு, "காலியானாத்தானேம்மா இடம் வரும்," என்றார்.

நான்கு மணி நேரம் அந்தப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டேன். தேதி போட்டுக் கேட்டேன். அந்தத் தேதிக்குள் ஒருத்தி போய்விட்டாள்.

மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது, என் உடம்பைவிட அகலமாக. அதில் விழாமல் ஓரமாகப் படுத்தேன். அடுத்த வாரங்களிலும் அப்படியே. வேலையில் துணி தண்ணீரில் மெல்ல மூழ்கும்போது, பாஸ் என்று எழுதக் கை வராது. நோட்டை மூடிவைத்தேன். ஆண்டவரே என்று தொடங்குவதற்கே பயமாக இருந்தது. அடுத்து எதைக் கேட்டு, யாரிடமிருந்து வாங்கிவிடுவேனோ.

ஆறாவது வாரம் ஒருவர் கையில் துணிப்பையோடு கட்டிலருகே வந்து நின்றார். முத்துலட்சுமி அக்காவின் கணவர். பிளவக்கல் பக்கம் தென்னந்தோப்பில் வேலை.

"இந்தக் கட்டில்ல யாரு வந்திருக்கான்னு பாக்கணும்னு தோணுச்சு தாயி. இது அவ போர்வை. இங்க குளிருதுன்னு சொல்லுவா. நீ வச்சுக்கோ."

வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"அண்ணே, இந்த இடம் வேணும்னு நான்தான் ஜெபம் பண்ணினேன். மாசக் கடைசிக்குள்ள வேணும்னு எழுதிவச்சேன்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்ப எழுதுன?"

"ஆடியில."

"அவ இதயம் தாங்காதுன்னு டாக்டரு தையிலயே சொல்லிட்டாரு." பையை மடித்து மடித்து உள்ளங்கையளவு ஆக்கினார். "ஒன் சீட்டப் படிச்சுட்டுத்தான் ஒங்க சாமி எம் பொண்டாட்டியத் தூக்குனாருன்னா, அவரு எங்க தோப்புக் கங்காணிய விட மோசம்லா."

சிஸ்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிப்பு அழுகையாக மாறியதை நிறுத்த முடியவில்லை.

அழுகை அடங்கியதும் அவர் சொன்னார். "அவளும் ஒருத்தரு இடத்துக்குத்தான் வந்தா. செல்லையா வாத்தியாருன்னு. ஊசி குத்துறதுக்கு முன்ன அவரு பேரச் சொல்லிட்டுத்தான் கைய நீட்டுவா. ஏட்டி, செத்தவருக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கியான்னு கேலி பண்ணுவேன்."

"அதுக்கு என்ன சொல்வாங்க?"

"இடம் விட்டவுகள நெனைக்காண்டாமா? அப்படிம்பா."

எழுந்தபோது ஒரு பொட்டை நகத்தால் லேசாக நெம்பினார். பிறகு விரலால் அழுத்தி மறுபடி ஒட்டிவிட்டார். "இருக்கட்டும்," என்றார். அதன்பின் அவர் வரவில்லை.

அவர் சொன்னதில் என் பயம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பள்ளத்தில் படுக்கப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் நன்றி என்பது டிக் அடிப்பது அல்ல என்று அந்தக் கட்டிலில்தான் தெரிந்தது. ஊசிக்காக ஆபரேஷன் செய்த என் இடது கை ரத்தக்குழாய் சதா அதிர்ந்துகொண்டே இருக்கும், தறி ஓடும் ஷெட்டின் சுவரைத் தொட்டதுபோல. காலையில் கண் விழித்ததும் அதைத் தொட்டுப் பார்க்கிறேன். ஓடுகிறது. ஸ்தோத்திரம். ஊசி எடுத்த இடத்தில் சிஸ்டர் வைக்கும் காஸ் உடனே ரத்தத்தை உறிஞ்சுகிறது. யாரோ ஒருத்தி அதைத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஸ்தோத்திரம். வேலையிலும் இப்போதெல்லாம் பாஸ் என்று எழுதுமுன் ஒரு நொடி நிற்கிறேன். அந்தத் துணி யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் கையை நீட்டுமுன் இரண்டு பெயர்களைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். செல்லையா வாத்தியார். முத்துலட்சுமி அக்கா. பிறகு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, பெயர் தெரியாத ஒருவருக்காக ஜெபிக்கிறேன். காத்திருப்போர் பட்டியலில் அவர் இருக்கிறார். இந்நேரம் எங்கோ ஒரு பஸ்ஸில் வாந்தியை அடக்கிக்கொண்டு, ஜன்னலோரம் ஒரு கட்டில் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர் ஜெபத்தைக் கேளும் என்று முழுதாகச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அவருக்கும் ஒரு இடம் கொடும், எனக்கும் இன்னும் கொஞ்ச நாள் கொடும் என்கிறேன். ஆண்டவர் இரண்டையும் கேட்கிறார் என்று நம்புகிறேன்.

நீங்களும் இப்படி எங்காவது பயந்து படுத்திருந்தால், பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே கேளுங்கள். அவர் கொடுத்தால், உங்களுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் யார் என்று விசாரியுங்கள். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுக் கையை நீட்டுங்கள்.