தாண்டப் பிறந்த குதிரை

ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுத்து என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துவிடுகிறது. எழுத்தும் கோணல். நாலு பேர் முன்னால் வாய் திறக்க இந்த வயதிலும் கூச்சம் என்பதால்தான் தாளில் எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை கத்தாரிலிருந்து பேரன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். குதிரைகள் வரிசையாகக் கம்பு தாண்டுகின்றன. கம்புக்கெல்லாம் மிட்டாய் மாதிரி வர்ணம். குளம்பு உரசினாலே கம்பு கழன்று விழுந்துவிடுகிறது, குதிரைக்கு ஒன்றும் ஆவதில்லை. "எவ்வளவு அழகா இருக்கு மாமி" என்றாள் மருமகள். நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் குதிரை தாண்டக் கட்டிய கம்பு விழாது. வைரம் பாய்ந்த பனங்கையை, அதாவது பனைமரச் சட்டத்தை, கவைக்கம்பில் ஏற்றி, கயிறு போட்டு இறுக்கியிருப்பார்கள். இடித்தால் கால்தான் போகும்.

குதிரை வியர்வையின் வாசனை உங்களுக்குத் தெரியுமா? ஊறிய கொள்ளும் ஈரச் சாக்கும் கொஞ்சம் உப்பும் கலந்தது. எங்கள் வாப்பா வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் அந்த வாசனை வந்துவிடும். "மொதல்ல குளிச்சிட்டு வாங்க. குதிரதான் வருதுன்னு ஒங்க மக புல்லத் தூக்கிட்டு ஓடியாறா" என்பார் உம்மா. ஒரு தடவை நான் அப்படி ஓடியதும் உண்மைதான்.

வாப்பாவின் முன்னோர் காலத்தில் அரபுநாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கிய கரை எங்களுடையது. எனக்கு விவரம் தெரியும்போது மிச்சமிருந்தது இனம் பெருக்க வைத்திருந்த ஒரே ஒரு பொலிக்குதிரை. சின்ன உடம்பு, குழிந்த முகம், தூக்கிய வால், பொல்லாத கோபம். வாப்பாவின் இடது காதில் பாதியைக் கடித்தெடுத்தது அதுதான். கல்யாண வீடுகளில் வாப்பா தலைப்பாகையை ஒதுக்கி அந்தக் காதைப் பெருமையாகக் காட்டுவார்.

நயினார்கோவில் பக்கத்துப் பண்ணையார் ஒருவர், பட்டணத்து ரேஸில் ஓடி முட்டி வீங்கிப்போன பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கி வந்தார். சீமைச் சாதி. நின்றால் கொட்டகைக் கூரையை முட்டும் உயரம். அவரும் வாப்பாவும் மாமா, மாப்பிள்ளை என்றுதான் பேசிக்கொள்வார்கள். மதம் பார்க்காமல் முறை சொல்லி அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"மாமா, ஒங்க அரபுக்கும் எங்க சீமைக்கும் முடிச்சுப் போட்டுருவமா? பட்டாளத்துக்காரங்க பட்டணத்துல தாண்டுற பந்தயம் வைக்கிறாங்க."

"மஹர் என்ன கேப்பீங்க மாப்ள?" என்று வாப்பா சிரித்தார். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது.

இரண்டையும் சேர்த்த அன்று எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் கொட்டகைத் தூண் ஒன்று முறிந்து கிடந்தது. பெட்டையின் பிடரியில் ரத்தம். பொலிக்குதிரையின் விலாவில் குளம்பு பதிந்த காயம்.

பிறந்தது சாம்பல் நிறத்தில் ஆண்குட்டி. அடுத்த கோடையில் பொலிக்குதிரை வயிறு உப்பிச் செத்தது. கப்பலில் குதிரை வருவது எப்போதோ நின்றுவிட்டிருந்தது. ஆகவே அந்த அரபு ரத்தம் எங்கள் கரையில் இனி இந்தக் குட்டியின் உடம்பில் மட்டும்தான். பால்குடி மறந்ததும் எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்து, வாப்பா அதைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். பிள்ளையைவிட என்று என் காக்கா சொல்வார். காக்கா என்றால் என் அண்ணன். குதிரை வளர்ந்ததும் அதில் ஏறிப் பழக்கியவர் அவர்தான்.

வாப்பாவும் பண்ணையாரும் சந்தித்தால் ஒரே சண்டை. "கால் தாயோடது, ஒத்துக்கிறேன். மூச்சும் புத்தியும் எங்களுது" என்பார் வாப்பா. "புத்தி இருந்து என்னத்துக்கு மாமா? தாண்டுறது காலுல்ல?" என்பார் அவர்.

பண்ணையாரின் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. குதிரை தாண்டும்போது பனைமட்டையைக் கீழேயிருந்து தூக்கி முன்னங்காலில் அடிப்பார்கள். மட்டையின் இரண்டு ஓரத்திலும் கருக்கு, ரம்பப் பல் மாதிரி. ஒரு தடவை அறுபட்டால் அடுத்த தடவை காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு தாண்டும். வாப்பா அதைக் கிட்டேயே விடவில்லை. "அரபு ரத்தம் அடிய மறக்காது. அடிச்ச ஆளையும் மறக்காது" என்பார்.

பட்டாளத்து அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, பட்டணத்துப் பந்தயத்துக்குத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. பரமக்குடியில் வைகை மணலில் கம்பு கட்டினார்கள். நல்ல கூட்டம். உம்மாவும் நானும் திரை கட்டிய கூண்டுவண்டிக்குள் இருந்தோம். குதிரை இரண்டு உயரம் தாண்டியது. மூன்றாவது உயரத்தில் கம்புக்கு முன்னால் சட்டென நின்றுவிட்டது. காக்கா கம்பைத் தாண்டிப் போய் முகங்குப்புற விழுந்தார். வாயெல்லாம் ரத்தம்.

"குதிர நின்னுருச்சு, ஒங்க மகன் தாண்டிட்டாப்ல!" என்றார் பண்ணையார். "மாமா, புத்தி ரொம்பக் கூடிப்போச்சு போல. அரபுன்னா நமக்கு ஒட்டகந்தான் சரி."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. பண்ணையாரின் ஆள் அரிவாளால் அப்போதுதான் சீவி வைத்திருந்த பச்சை மட்டையை எடுத்துக்கொண்டு கம்போரம் போய் நின்றார்.

"வேணாம் வாப்பா" என்றார் காக்கா.

"ஏறுலே."

குதிரை வாப்பாவைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தது. அவரிடம் அதற்குப் பயமே கிடையாது. அது எழும்பியதும் வாப்பா முழு பலத்தோடு மட்டையைத் தூக்கினார். தோல் கிழிந்த சத்தம் வண்டி வரைக்கும் கேட்டது. கம்புக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு அது பறந்ததைப் பார்த்தேன். கூட்டம் கத்திய கத்தலில் வண்டி மாடுகள் மிரண்டன.

இறங்கியதும் காக்காவை உதறித் தள்ளிவிட்டுத் திரும்பியது. காது இரண்டும் பிடரியோடு ஒட்டியிருந்தன. நடுவில் நின்ற ஒருவரையும் தொடவில்லை, நேராக வாப்பாவிடம் வந்தது. தோளைக் கவ்வித் தூக்கி மணலில் அடித்து, முன்னங்கால் இரண்டாலும் மிதித்தது. நெல் குத்துவதுபோல மிதித்தது. உம்மா திரையைக் கிழித்துக்கொண்டு இறங்கி ஓடினார். காக்கா அந்த அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடுவதைக் கண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது குதிரை கழுத்து வெட்டுண்டு கிடந்தது. எவ்வளவு ரத்தம் கொட்டினாலும் மணல் குடித்துக்கொண்டே இருந்தது. விலா நொறுங்கிக் கிடந்த வாப்பா முதலில் பேசியது இதைத்தான்: "ஏலே, அத ஏன்டா வெட்டுன? அடிச்சது நானுல்ல?"

வாப்பா பிழைத்தார். வலது கை கடைசிவரை தூக்க வரவில்லை. அதற்குப் பிறகு காக்காவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் "அவன்ட சொல்லு" என்று உம்மாவிடம்தான் சொல்வார். வாப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று காக்கா என்னிடம் கேட்டார்: "நான் வேற என்ன செஞ்சிருக்கணும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

கொட்டகை மீன்வலை போட்டுவைக்கும் கிட்டங்கியாகி, பிறகு அதுவும் போய்விட்டது. பண்ணையாரின் வீட்டில் இப்போது யாரும் இல்லை. எங்கள் கரையில் குதிரை நின்றது என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை.

ஒரே ஒரு விவரம் மட்டும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. காக்கா கிட்டே போவதற்குள் குதிரை வாப்பாவை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றுவிட்டது என்று உம்மா மௌத்தாகும் முன் ஒருமுறை சொன்னார். உம்மாவுக்கு அப்போது நினைவு தப்பித் தப்பி வந்துகொண்டிருந்தது. அன்று அந்த மணலில் நின்றவர் எவராவது உயிரோடு இருந்தால் விசாரித்து எழுதுங்கள். காக்கா இன்னும் இருக்கிறார், படுக்கையில். பதில் எதுவானாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள்.