புயலுக்கும் ஸ்டிரைக்குக்கும் ஒரு காப்பீடு

“படிச்ச பொண்ணு டிக்கெட் எடுத்திருக்குதுன்னு தெரிஞ்சா புயலு வழி விட்டுடுமா?” என்று பெரியப்பா கேட்டார்.

அவர் கையில் என் விமான டிக்கெட்டின் அச்சுத் தாள் இருந்தது. அதில் அவருக்குப் படிக்கத் தெரிந்தது தேதி மட்டும்தான். கார்த்திகை நடுவில் ஒரு சனிக்கிழமை, சென்னையிலிருந்து.

“கார்த்திகையில மெட்ராஸ்லேருந்து பிளேனா? நம்ம பக்கம் கார்த்திகையில துணி காயப்போடவே யோசிப்பாங்க. இந்தப் பொண்ணு பிரான்சுக்குக் கிளம்புது.”

அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரான்சின் மேற்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆறு மாதப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தொடங்கும் நாள் ஒரு திங்கட்கிழமை. அன்று காலை பாதுகாப்பு வகுப்பு நடக்கும். அதில் உட்காராதவரை ஆய்வுக்கூடத்துக்குள் விட மாட்டார்கள். அவருடைய இடம், காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குப் போய்விடும். இதை அவர்கள் மிகவும் மரியாதையான பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை நான் அங்கே இருந்தாக வேண்டும். எனக்கு வேறு எதுவும் முக்கியமாக இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பாவும் பெரியப்பாவும் மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்கள். பேங்க், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, எங்கே எந்தத் தாளை நீட்டினாலும், “பாப்பா படிச்சிப் பாக்கட்டும்” என்பார்கள். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கும். அடக்கமாக இருக்க வேண்டிய இடம் என்று தெரியும், ஆனாலும் பிடிக்கும். அதனால் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும் என்றபோது, அதை யாரிடமும் கேட்காமல் நானே படித்துத் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு இரண்டு பயங்கள் இருந்தன. இந்தப் பக்கம் புயல், அந்தப் பக்கம் ஸ்டிரைக். புயல் வந்தால் சென்னை விமான நிலையத்தை மூடிவிடுவார்கள். தப்பித்துப் பாரிஸில் இறங்கினாலும், அங்கிருந்து அந்த ஊருக்கு ரயிலில் போக வேண்டும். பாண்டிச்சேரியில் நான் படித்த பிரெஞ்சு வகுப்பில் சீக்கிரமே கற்றுக்கொண்ட சொற்களில் வேலைநிறுத்தத்துக்கான சொல்லும் ஒன்று. அந்த மாதம் ரயில் ஊழியர்கள் பேச்சுவார்த்தையில் இருந்தார்கள். பேச்சு முறிந்தால் ரயில் நிற்கும் என்று செய்தியில் வந்துகொண்டிருந்தது.

“ஸ்டிரைக்னா நம்ம பஸ்காரங்க பண்ற மாதிரியா?” என்று அம்மா கேட்டாள்.

“அதேதான்மா.”

“வெள்ளக்காரனும் பண்றானா? பரவாயில்லையே.”

விசாவுக்கு வேண்டிய மருத்துவக் காப்பீட்டை அந்த ஆய்வுக்கூடமே எடுத்துக் கொடுத்திருந்தது. பயணம் தடைபட்டால் என்ன செய்வது என்பது என் பாடு. பாண்டிச்சேரியில் நான் வேலை பார்த்த இடத்துக்குப் போகும் பஸ்ஸில் தினமும் ஒரு பாலிசியைப் போனில் திறந்து படிப்பேன். மரக்காணத்தில் ஏறும்போது விளம்பரப் பக்கம். கீழ்புத்துப்பட்டு வரும்போது, எதற்கெல்லாம் தர மாட்டோம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் பகுதிக்கு வந்திருப்பேன்.

ஒரு பாலிசியில் இயற்கைப் பேரிடர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் நிலநடுக்கமும் எரிமலையும்தான். எரிமலையை நான் எங்கே தேடுவேன்? இன்னொன்றில் புயலும் வெள்ளமும் இருந்தன. ஆனால் ஸ்டிரைக் என்றால் விமான நிறுவனத்தின் ஊழியர்கள் செய்வது மட்டும்தான் கணக்கு. ரயில் ஓட்டுபவர் இறங்கிப் போனால் அது என் தலையெழுத்து. மூன்றாவது ஒன்றில் புயல், வெள்ளம், விமானம், ரயில் எல்லாமே இருந்தன. விமானம் தாமதமாகி அடுத்த ரயிலைத் தவறவிட்டால்கூடத் தருவார்கள். அதைக் கண்டுபிடித்த நாளில் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அக்காவிடம் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

ஆனால் எடுக்கவில்லை.

“இப்பவே எதுக்குப் பணத்தைக் கட்டிக்கினு? காத்து திரும்பட்டும்” என்றார் அப்பா. சரி என்று சொன்னேன்.

உப்பளத்துக்காரர் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் இது புரியும். வாரியெடுத்த உப்பு வெளியில் குவியலாகக் கிடந்து காய வேண்டும். சீக்கிரமே தார்ப்பாயைப் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டிக்கொள்ளும். முன்கூட்டியே மூடினால் மழையைக் கூப்பிட்டதாகிவிடும் என்று வேறு எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதனால் யாரும் மூட மாட்டார்கள். காற்று திரும்புகிறதா, வடகிழக்கில் இருட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அடையாளம் தெரிந்த உடனே ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். நானும் சின்ன வயதிலிருந்து ஓடியிருக்கிறேன், நன்றாகவே ஓடுவேன். கடைசி நிமிடம் வரை பொறுத்திருப்பதை எங்களில் யாரும் சோம்பல் என்று சொல்ல மாட்டோம். அதுதான் தொழில். பாலிசியையும் நான் அப்படித்தான் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உப்புப் பருவம் முடிந்து பாத்திகளில் மழைத்தண்ணீர் நின்றது. வேலை விட்டு வந்ததும் வரப்பில் நடப்பேன், திரும்பி வருவேன், மறுபடியும் போவேன். போனில் வானிலைச் செய்தி. அதை மூடிவிட்டுப் பிரெஞ்சுச் செய்தி. பெட்டியில் அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்குவேன். “அந்தப் பெட்டிக்கு வாய் இருந்தா அழுதிருக்கும்” என்றாள் அம்மா.

கிளம்ப வேண்டிய வாரத்தின் செவ்வாய்க்கிழமை காலையில் அடையாளம் கிடைத்தது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகிறது, அது வலுப்பெற்று வட தமிழகக் கரையை நோக்கி வரலாம் என்று வானிலை மையம் அறிவித்தது. அப்பா வாசலில் நின்று முகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “காத்து திரும்பப் பாக்குது” என்றார். எனக்கு ஒரு பக்கம் பயமாக இருந்தாலும் இன்னொரு பக்கம் வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. சரியான நேரம் வரை காத்திருந்தேன் அல்லவா? ரயில் விஷயத்தை மட்டும் ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம் என்று அந்த மூன்றாவது பாலிசியின் நிறுவனத்துக்குப் போன் செய்தேன்.

எடுத்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சென்னையிலேருந்தா கிளம்புறீங்க மேடம்?” என்றாள். “இப்ப ஒண்ணு உருவாகுதுன்னு காலையில சொல்லிட்டாங்களே. அதனால ஃப்ளைட் கேன்சல் ஆனா இந்தப் பாலிசியில வராதுங்க.”

“புயலே இன்னும் இல்லைங்க. பேர்கூட வைக்கல.”

“பேர் வைக்கணும்னு இல்லைங்க மேடம். அறிவிப்பு வந்துட்டாலே அது தெரிஞ்ச விஷயம். தெரிஞ்ச விஷயத்துக்கு நாங்க கவர் குடுக்க மாட்டோம்.”

“அப்ப எப்ப எடுத்திருக்கணும்?”

“டிக்கெட் எடுத்தப்பவே எடுத்திருந்தா இதுவும் வந்திருக்கும்.”

அந்த வரி பாலிசியில் இருந்தது. நான் படித்திருந்தேன். வாங்கும்போது ஏற்கெனவே தெரிந்த ஆபத்து பொருந்தாது என்று கீழ்புத்துப்பட்டில் படித்து, சரிதானே என்று தாண்டிப் போயிருந்தேன். அடையாளம் தெரிவதற்கு முன்னால் மூட வேண்டிய தார்ப்பாய் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“ஸ்டிரைக்?” என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

“அது இன்னும் அறிவிக்கலைன்னா வரும். இன்னிக்கே எடுத்துடுங்க.”

“எடுத்தா நான் திங்கட்கிழமை அங்க இருப்பேனா?”

“அதை நாங்க எப்படிங்க சொல்ல முடியும்? ஹோட்டல், வேற டிக்கெட், அதுக்கெல்லாம் பணம் குடுப்போம். உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது எங்க வேலை இல்லைங்களே.”

கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். போனை வைத்த பிறகு வரப்பில் போய் நின்றேன். இத்தனை நாளும் எதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்? போகாவிட்டால் என்ன கிடைக்கும் என்பதை. ஆனால் நான் போகத்தானே வேண்டும்?

வீட்டுக்குள் வந்து முதலில் விமான நிறுவனத்துக்குப் பேசினேன். சென்னையைப் பெங்களூருவாக மாற்றினேன், சனிக்கிழமையை வியாழக்கிழமையாக மாற்றினேன். மூச்சு விடாமல் அடுத்ததாக அந்த மூன்றாவது பாலிசியைப் புதிய தேதி போட்டு எடுத்தேன். புயல் போனால் போகட்டும், ஸ்டிரைக்காவது மிஞ்சட்டும் என்று. அதன் பிறகுதான் வீட்டில் சொன்னேன்.

பெரியப்பாவின் முகம் விழுந்துவிட்டது. “வேனு சொல்லிட்டேனே பாப்பா.”

எனக்குத் தெரியாது. என்னைக் கிண்டல் செய்துகொண்டே, சனிக்கிழமை ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப அவர் வேன் பேசியிருந்தார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இடம் ஒதுக்கி, யார் ஜன்னலோரம் என்று சண்டைகூட நடந்து முடிந்திருந்தது.

“பெங்களூருக்கு வேனு வராதா?” என்றார்.

“அவ்ளோ தூரம் யாரு பெரியப்பா உக்காந்து வருவாங்க?”

“எல்லாரும் வருவாங்க. ஏரோப்ளேன கிட்டத்துல பாக்கணும்னு கெடக்குதுங்க.”

அப்பா மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். “காத்து இன்னும் முழுசா திரும்பலயே பாப்பா. அது அப்படியே ஆந்திரா பக்கம் போயிட்டாலும் போயிடும். வீணா அவசரப்படறியோன்னு பாக்கறேன்.”

“திரும்புறதுக்குள்ள போறேன்பா.”

என் குரலில் கோபம் இருந்திருக்க வேண்டும். அவர் என்னை ஒரு முறை பார்த்தார், பிறகு பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். “இம்மாங் கனம் எப்படித் தூக்குவே?” என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை மதியம் வேனில் வர இருந்தவர்கள் எல்லாரும் மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டார்கள். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. திண்டிவனம் பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் கூட்டத்தைப் பார்த்துப் பயந்துபோய், “எல்லாருமா ஏறுறீங்க?” என்றார்.

“பொண்ணு மட்டும்தாம்பா ஏறுது. பிரான்சுக்கு. நாங்க சும்மா வேடிக்கை” என்றார் பெரியப்பா.

“இந்த பஸ்சு திண்டிவனம் வரைக்கும்தாங்க போவும்” என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள்.

திண்டிவனத்தில் பெங்களூரு பஸ் பிடித்தேன். செஞ்சி தாண்டும்வரை என்னால் ஜன்னல் பக்கமே பார்க்க முடியவில்லை. போனில் இரண்டு செய்திகளையும் மாற்றி மாற்றித் திறந்தேன். தாழ்வுப் பகுதி எங்கே போகும் என்று இன்னும் தெரியவில்லை. பாரிஸில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்டிரைக் என்று யாரும் இன்னும் அறிவிக்கவில்லை, பாலிசியும் கையில் இருந்தது. ரயில் நின்றுபோனால் அவர்கள் எனக்கு ஹோட்டல் பணம் தருவார்கள்.

திருவண்ணாமலையில் பஸ் டீக்கு நின்றது. நான் இறங்கவில்லை. பாரிஸிலிருந்து அந்த ஊருக்குச் சனிக்கிழமை காலை ஒரு பஸ் இருந்தது. ரயில் டிக்கெட் இருக்கும்போதே, ஸ்டிரைக் என்று யாரும் அறிவிக்கும் முன்பே, அதிலும் ஒரு சீட் போட்டுவிட்டேன்.