கேட்டில் அணைந்த சிவப்பு கார்

பஞ்சுத் தூசியும் பெட்ரோலும் சேர்ந்து சூடானால் ஒரு வாசனை வரும்... அடிப்பிடித்த பால் மாதிரி. எங்கள் சிவப்பு கார் வீட்டுக்கு வந்த புதிதில் தெரு முழுக்க அந்த வாசனைதான்.

இரண்டே சீட். கூரைக்குப் பதில் கான்வாஸ் துணி. ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி ஆசைப்பட்டு வரவழைத்த பழைய சீமை ஸ்போர்ட்ஸ் கார். அவர் காலத்துக்குப் பிறகு பஞ்சு குடோனில் கிடந்தது. பிள்ளைகள் காயலான் கடைக்குப் போடப் பார்த்தார்கள். அந்த மில்லுக்கு லேத் வேலை செய்துகொண்டிருந்த நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வேண்டாம் என்று சொல்லாத ஆள் இல்லை. சொன்னவர்கள் பெயரெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. எழுதவில்லை. சிலர் இதைப் படிப்பார்கள்.

என் மனைவி ராஜேஸ்வரி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"வச்சுக்கோங்க. ஆனா என்னைய உக்கார வச்சுக்கிட்டு என்னைக்கு நடுரோட்டுல நிக்குதோ, அன்னைக்கே வித்துரணும். பொறவு பேச்சு மாறக் கூடாது."

சரி என்றேன். ரொம்ப நாள் அவளை வண்டியில் ஏற்றவே இல்லை.

தனியாகத்தான் ஓட்டுவேன். விடிந்ததும் தேவதானம் வரை போய்த் திரும்புவேன். மலை கூடவே வரும். கண் ரோட்டில், காது இன்ஜினில். புதிதாக ஒரு சத்தம் கேட்டால் பயம் வரும். அடுத்த வளைவில் அது மறந்துபோகும்... யாரிடமும் படிக்காமல், கழற்றிக் கழற்றி மாட்டி நானாகத் தெரிந்துகொண்ட வண்டி. அந்தப் பயமும் என்னுடையதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கொழுந்தியாள் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. ராஜேஸ்வரியின் அண்ணன் சுந்தரம் ஜீப் கொண்டுவந்தார். சொந்தக்காரர்களும் சீர்த்தட்டுகளுமாக அது நிரம்பிவிட்டது. ஒரு தட்டோடு ராஜேஸ்வரி மட்டும் மிச்சம். வீட்டை விட்டுக் கிளம்பிய சீர்த்தட்டைப் போய்ச் சேரும்வரை தரையில் வைக்கக் கூடாது. பட்டுச்சேலையோடு என் பக்கத்தில் ஏறி, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாப்ள, பயப்படாமப் போங்க. நாங்க பின்னாடியே வாரோம். கயிறு எடுத்து வச்சிருக்கேன்" என்றார் சுந்தரம்.

ஜீப்பில் எல்லோரும் சிரித்தார்கள்.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. வெயில். இன்ஜினை ஓடவிட்டால் தண்ணீர் கொதிக்கும். அணைத்தால் மறுபடி கிளம்புமா, தெரியாது.

"அந்த முள்ளு ஏன் அம்புட்டு மேல நிக்கி?" என்றாள் ராஜேஸ்வரி, சூடு காட்டும் மீட்டரைப் பார்த்து.

"அது அப்படித்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு அணைத்தேன்.

ரயில் போனது. கேட் தூக்கினார்கள். சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் பம்பிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வரவேண்டும். வரவில்லை. பின்னால் ஹாரன்கள்.

அதற்கு வைத்தியம் எனக்குத் தெரியும். வண்டியின் பின்பக்கம் அடியில் படுத்துப் பம்பை ஸ்பேனரால் தட்ட வேண்டும். தட்டிய உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டும். செத்த நேரம் விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆக, சீட்டில் இன்னொரு ஆள் வேண்டும்.

தட்டைத் தன் சீட்டில் வைத்துவிட்டு ராஜேஸ்வரி என் சீட்டுக்கு நகர்ந்தாள்.

"நான் தட்டுன உடனே சாவியைத் திருப்பு. கால ஆக்சிலரேட்டர்ல வை."

"எந்தக் கால?"

சுந்தரம் கயிற்றோடு வந்து நின்றார். "மாப்ள, கட்டிரலாமா?"

நான் படுத்துத் தட்டினேன்.

வண்டி கிளம்பியது... என்னை ரோட்டில் விட்டுவிட்டு.

கியரில் விட்டு வைத்தது என் தப்பு என்று சுந்தரம் இன்றைக்கும் சொல்கிறார். ஹேண்ட்பிரேக் பிடிக்காத வண்டியை வேறு எப்படி நிறுத்துவதாம்? அதை அவர் சொல்லட்டும்.

தண்டவாளத்தைக் குதித்துத் தாண்டி, முந்தானை பறக்க அவள் போய்க்கொண்டிருந்தாள். அதற்கு முன் ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை. நானும் சுந்தரமும் பின்னால் ஓடினோம். கொஞ்ச தூரம் தள்ளி ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கி வண்டி நின்றது. சாவியை அணைக்கத் தோன்றியிருக்கிறது.

இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விடவில்லை. தட்டு சீட்டிலேயே இருந்தது. தேங்காய் மட்டும் கீழே உருண்டிருந்தது.

"அது வண்டிக்குள்ளதான கெடக்கு. தரை இல்ல" என்றாள் முதல் காரியமாக.

சுந்தரம் மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்தார். "மாப்ள, எல்லாரும் பாத்தாச்சு. நடுரோட்டுல நின்னுருச்சு. பேசுன பேச்சு பேச்சுதான். வித்துருங்க."

கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். யாரிடம் விற்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

ராஜேஸ்வரி அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கண்ணே நின்னுச்சு? கேட்டப் போட்டான், நின்னோம். ஒன் ஜீப்பும்தான் நின்னுச்சு. அதையும் சேத்து வித்துருவமா?"

பிறகு என்னிடம், "ஏறுங்க. இம்புட்டு வேகமாப் போகும்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

கியரை எடுத்துவிட்டு மறுபடி பம்பைத் தட்டினேன்; அவள் ஸ்டார்ட் செய்துவிட்டு, தட்டை மடியில் எடுத்துக்கொண்டு தன் சீட்டுக்கு நகர்ந்தாள். மிச்ச தூரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் படும்வரை அவள் மெதுவாகப் போகச் சொல்லவே இல்லை.

வண்டி இப்போதும் இருக்கிறது. இப்போதும் நிற்கும். அன்றைக்கென்றால் நாலு பேர் இறங்கி வந்து நாலு விதமாக யோசனை சொல்வார்கள், கேலியும் செய்வார்கள். இன்று போனில் படம் பிடித்துவிட்டு ஓரமாகப் போய்விடுகிறார்கள். ராஜேஸ்வரிக்கு முட்டுவலி. அந்தத் தாழ்ந்த சீட்டிலிருந்து கைகொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கூமாப்பட்டிப் பக்கம் போகலாமா என்று கேட்டால் எனக்கு முன்னால் வாசலில் நிற்பாள்.

போன மாதம் மகன் சென்னையிலிருந்து தன் புதிய காரில் வந்தான். "அதை வித்துட்டு நல்லதா ஒண்ணு வாங்குங்கப்பா" என்றான்.

"ஏலே, அது நான் ஓட்டுன வண்டி" என்றாள் அவள். பேச்சு அதோடு முடிந்தது.

அவன் கார் நல்ல கார்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஏசி, மெத்தை சீட். சத்தமே கிடையாது. ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ராஜேஸ்வரி தூங்கிவிடுகிறாள்.

எங்கள் சிவப்பு வண்டியில் இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடக் கண்ணயர்ந்ததில்லை...