அக்கா நிரப்பிய மாதிரிப் படிவம்

எங்கள் அக்கா போய் ஓராண்டாகிறது. அன்று தோள் கொடுத்தவர்களும், வர இயலாமல் வருந்தியவர்களும் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். நல்லதை மட்டும் எழுது என்றார் அம்மா. முயன்றேன். பேனா வேறு பக்கம் இழுத்தது.

விருதுநகர்ப் பக்கம் பிறந்து, அப்பாவின் தொழிற்சாலை வேலையோடு ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தவர் அக்கா. சுவருக்கு இந்தப் பக்கம் தெலுங்கு, அந்தப் பக்கம் மலையாளம், மாடியில் இந்தி. இருமல் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே மொழி. அப்பா பணியிலிருக்கும்போதே காலமானார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சேக்காட்டில் வாடகைக்குக் குடியேறினோம். டியூஷன் எடுத்தே சமூகப்பணியில் முதுகலை முடித்தார் அக்கா. பிறகு ஆய்வு. எந்தச் சனத்துக்கு என்ன நோவு, அதை யாரிடம் சொல்கிறார்கள், ஏன் சொல்வதில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலை. வெயில், சேறு, ரயில், பஸ், மறுபடி வெயில்.

ஒருமுறை திருமழிசைக்கு உடன் போனேன். வயல் வேலையை விட்டுக் கம்பெனிக்குப் போகும் ஒரு பெண், அரிசி களைந்தபடியே சொன்னார்: "நல்லா கீறேன்னு எய்திக்கோம்மா. நோவுன்னு நான் படுத்துகினா, எங்க ஊட்டுக்காரரா வந்து ஒல வைப்பாரு?"

அக்கா எழுதவில்லை. "வைக்கச் சொல்லிக் குடுத்துட்டுப் போகட்டுமா?"

"அத்த நீயே அவராண்ட கேளு. இப்ப குந்து," என்று சிரித்தவர், சற்று நேரத்தில் தன் இடுப்பு வலியைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஒவ்வோர் ஆய்வுக்கும் முன்னால் அக்காவிடம் ஒரு வழக்கம். இல்லாத ஒரு பெண்ணைக் கற்பனை செய்து, அவள் பதில்களாக ஒரு படிவத்தை நிரப்புவார். கேள்விகள் முன்பின் மாறாமல் இருக்கின்றனவா என்று நான் பார்க்க வேண்டும். ஒருத்திக்குப் பதினோரு பிள்ளைகள், ஒரே பல். சிரித்துத் தீராது. கடைசிப் படிவத்தில் வந்தவளுக்கு மார்பில் கட்டி. எட்டு மாதமாக. யாரிடமும் சொல்லவில்லை.

"யாருக்கா இது, பாவம்?"

"சும்மா ஒருத்தி. கேள்வியப் பாரு."

"வயசு ஒன் வயசாப் போட்டிருக்க?"

"சட்டுன்னு வேற எந்த வயசு வரும்? பாருடி."

பார்த்தேன். ஏழாம் கேள்வியை ஆறாவதுக்கு முன்னால் வைக்கச் சொன்னேன். நல்ல யோசனை என்றார்.

அடுத்த மழைக்காலத்தில், பஸ் கம்பியைப் பிடிக்கக் கை தூக்க முடியாமல் பாதி வழியில் வீடு திரும்பினார். எப்போதிலிருந்து என்று மருத்துவர் கேட்டபோது அக்கா என்னைத்தான் பார்த்தார். பிறகு வார்டில் கேட்டேன்.

"ஏங்கா வாயத் தொறந்து சொல்லல?"

"வரலடி. எல்லாருக்கும் எப்படி வராம இருக்குன்னு எனக்குத் தெரியும்ல."

நான்கு மாதம் இருந்தார்.

ரத்தம் கொடுத்த அப்பாவின் தொழிற்சாலை நண்பர்களுக்கும், முறை வைத்து வார்டில் உடனிருந்த சேக்காட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கைம்மாறாக என்னால் முடிந்தது ஒன்றுதான். உங்கள் வீட்டில் யாராவது எதையாவது சொல்லாமல் வைத்திருந்தால், ஆஸ்பத்திரிக்குத் துணையில்லை என்று தள்ளிப்போட்டால், எனக்குச் சொல்லி அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமைகளில் என்னால் விடுப்பு எடுக்க முடியும். காலை ஏழு மணிக்கே போய்ச் சீட்டு வாங்கி வைக்கிறேன்; அவர் வந்தால் போதும்.