மை எட்டாத வளையம்

1991இல் தண்டலத்துக்கு அருகே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சிறிய மருத்துவமனையில் பரிசோதனைக்கூடத்தை நான் ஒருத்தியாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். கூடம் என்பது பெரிய வார்த்தை. ஓர் அறை, ஒரு மைக்ராஸ்கோப், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் ஓர் இயந்திரம், ஒரு பழைய குளிர்ப்பெட்டி, அவ்வளவுதான். சாலையில் லாரி போனால் மேசை அதிரும், கண்ணாடித் தகட்டிலுள்ள அணுக்கள் ஆடும். லாரி கடந்து போன பிறகுதான் எண்ணுவேன். எனக்கு இருபத்தாறு வயது. என் எண்ணிக்கை தப்பாது என்ற கர்வம் நிறைய இருந்தது.

மழைக்காலத் தொடக்கத்தில் மணிமங்கலத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். முப்பது வயதைத் தாண்டியவர். இரண்டு மாதமாகத் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது. கழுத்தை வளைக்க முடியவில்லை. கூட வந்தது மனைவி மட்டும். எங்கள் டாக்டர் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்து என்னிடம் அனுப்பினார். நான் எண்ணினேன். உருண்டையான சிறு அணுக்கள் இருந்தன, சர்க்கரை குறைவாக இருந்தது. வெள்ளை அணுக்கள், லிம்ஃபோசைட் வகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த முடிவு மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்குச் சரியாகப் பொருந்தியது. டாக்டர் அதற்கான மருந்தைத் தொடங்கினார்.

பத்து நாளில் நோயாளி மோசமானார். மனைவியின் பெயரையே மறந்துவிட்டார். டாக்டர் மறுபடி நீர் எடுத்தார். அது என் மேசைக்கு வந்தபோது காலை பதினொரு மணி. எண்ணத் தொடங்கி நடுவில் நின்றேன். ஓர் அணுவின் ஓரத்தில் இன்னொரு சிறிய உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது, பெரிய மொட்டின் பக்கத்தில் முளைக்கும் குட்டி மொட்டைப் போல. வெள்ளை அணு மொட்டு விடாது. ஈஸ்ட் என்னும் நுண்பூஞ்சைதான் விடும்.

பத்து நாளுக்கு முன் நான் எண்ணியவையும் இவைதானா என்று கேட்டுக்கொண்டேன். ஆமாம் என்பதில் சந்தேகம் இல்லை.

டாக்டர் என்னைவிட நான்கு வயதே மூத்தவர், இரண்டு வருடம் முன்புதான் இங்கே வந்திருந்தார். அவரது அறைக்குப் போய், முதல் ரிப்போர்ட் தப்பாக இருக்கலாம், நான்தான் தவறவிட்டேன் என்றேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப எப்படி நிரூபிக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நிரூபிக்கும் வழி எனக்குப் பாடத்தில் தெரியும். செய்து பார்த்ததில்லை. படம் வரைபவர்கள் பயன்படுத்தும் கெட்டியான கருப்பு மையில் ஒரு துளியை அந்த நீரோடு கலக்க வேண்டும். மையில் கரித்துகள்கள் மிதக்கும். நான் சந்தேகப்படும் ஈஸ்ட்டைச் சுற்றிப் பசைபோன்ற தடித்த உறை உண்டு, அதற்குள் கரித்துகள் நுழையாது. கருப்புக்கு நடுவே வெளிச்ச வளையம் தெரிந்தால் அதுதான் கிருமி. ஆனால் எங்களிடம் அந்த மை இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் இரண்டு கடைக்கு ஆள் அனுப்பினோம், பேனா மைதான் கிடைத்தது.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த நோயாளியின் மனைவி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு கம்பெனியில மிஷின் படம் போடற சார் ஒருத்தர் கீறாருக்கா. கருப்பு மைதான் வெச்சிகினு இருப்பாரு. நான் போய் வாங்கியாரேன்."

கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மழையில் கிளம்பிப் போனாள். கம்பெனி ஒரகடம் பக்கம். அங்கே அப்போது தொழிற்சாலைகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன, பஸ்ஸும் குறைவு. மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது புடவை முழுக்க நனைந்திருந்தது. மடியிலிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய சின்ன மைப்புட்டியை எடுத்துக் கொடுத்தாள். அது நனையவில்லை.

முதலில் வெறும் உப்பு நீரில் மையைக் கலந்து பார்த்தேன். மையிலேயே ஏதாவது இருந்து ஏமாற்றிவிடக் கூடாதே. சுத்தமாக இருந்தது. பிறகு அவரது தண்டுவட நீரில் ஒரு துளி. ஒரு லாரி கடந்து போகக் காத்திருந்து கண்ணை வைத்தேன்.

கருப்பு. அதில் ஒரு வளையம், பக்கத்தில் இன்னொன்று, தகட்டை நகர்த்தினால் கூட்டம் கூட்டமாக. ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் உருண்டை ஈஸ்ட், சிலவற்றில் மொட்டு. ஓரங்கள் கோடு கிழித்தது போல. நான் சத்தம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, டாக்டர் ஓடி வந்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது என் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

மறுநாள் நானே தகட்டையும் மிச்ச நீரையும் எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனேன். அவர்கள் உறுதிசெய்து, மருந்துக்கும் ஏற்பாடு செய்தார்கள். மருந்து கைக்கு வரக் காத்திருந்த நேரத்தில் அவர்களுடைய நூலகத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அந்த நீரில் உண்மையான வெள்ளை அணுக்களும் சில இருந்தன. ஈஸ்ட்டின் பக்கத்திலேயே கிடந்தும் ஏன் அதை விழுங்கவில்லை?

புத்தகத்தில் பதில் இருந்தது. சாதாரணமாக ஆன்டிபாடி என்னும் நம் உடம்பின் எதிர்பொருள்கள் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு வாலை வெளியே நீட்டி நிற்கும். விழுங்கும் அணு அந்த வாலைப் பற்றித்தான் கிருமியை உள்ளே இழுக்கும். இந்த ஈஸ்ட்டின் உறையோ நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் பின்னியது. எதிர்பொருள் அதனூடே புகுந்து அடியிலுள்ள சுவரில் போய் ஒட்டுகிறது. அதன் வால் உறைக்குள்ளேயே புதைந்துபோகிறது. வெளியிலிருக்கும் அணுவுக்குப் பிடி கிடைப்பதில்லை. போதாததற்கு அந்த உறைப்பொருளை ஈஸ்ட் கழற்றிச் சுற்றிலும் மிதக்க விடுகிறது. உறையையே அடையாளம் காணும் எதிர்பொருள் இருந்தாலும், அது அந்த மிதக்கும் துண்டுகளில் மாட்டிக்கொண்டு வீணாகும். அவருடைய உடம்பு சும்மா இருக்கவில்லை, சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தது என்று அப்போது புரிந்தது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

திரும்பி வந்து அவர் மனைவியிடம் என்னால் முடிந்தபடி சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "ஏரியில விரால் புடிக்கறா மாதிரி. கையில மாட்டும், வழுக்கிகினு போயிடும்" என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் இங்கே போட்ட பிடியே கொழகொழப்புக்குள் மறைந்துவிடுகிறது என்றேன். "அப்போ மருந்துதான் புடிக்கணும்" என்றாள்.

மருந்து பொல்லாதது. கருப்புத் தாள் சுற்றிய பாட்டிலிலிருந்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏறும். ஏறும்போதெல்லாம் கட்டில் ஆடும் அளவு குளிர் நடுக்கம். சிறுநீரகம் தாங்குகிறதா என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் ரத்தம் பார்க்க வேண்டும். ஆறு வாரம். இடையில் டாக்டர் அவரிடம் தூசியில் வேலை பார்த்தாரா என்று கேட்டார். இயந்திரம் இறக்குவதற்காகப் பழைய கிடங்கு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினாராம், தரை முழுக்கப் புறா எச்சமாம். அதில் இந்த ஈஸ்ட் வளரும். அங்கேதான் மூச்சில் போயிற்று என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, இருக்கலாம் என்றார்.

மூன்றாம் வாரம் தலைவலி நின்றது. நான்காம் வாரம் ஒரு காலையில், சோற்றில் உப்பு இல்லை என்று மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சண்டை போட்டார். அவள் பரிசோதனை அறைக்கு ஓடி வந்து, "பேரு சொல்லித் திட்றாருக்கா" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஆறாம் வாரம் கடைசி நீரை எடுத்தோம். மை போட்டுப் பார்த்தால் வளையங்கள் இன்னும் சில இருந்தன. டாக்டரின் முகம் வாடியது. செத்த ஈஸ்ட்டுக்கும் உறை இருக்கும், வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்று இந்த முறை நான் சொன்னேன். ஊட்டப்பொருள் பூசிய குழாய்களில் விட்டு வைத்தேன். முன்பு எடுத்த நீரை இப்படி வைத்தபோது நான்காம் நாளே வெண்பசை போல வளர்ந்திருந்தது. இப்போது நான்காம் நாள் ஒன்றுமில்லை. பத்தாம் நாளும் இல்லை. மூன்று வாரம் பொறுத்து, துடைத்து வைத்தது போலிருந்த குழாய்களை டாக்டரின் மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, வார்டுக்குப் போய்ச் சொல்லும்படி என்னையே அனுப்பினார்.

வீட்டுக்குப் போகும் நாளில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு என் அறைக்கு வந்தார். அதைப் பார்க்க வேண்டும் என்றார். கடைசியாக எடுத்த நீரில் குளிர்ப்பெட்டியில் இருந்த மிச்சத்தில் மை கலந்து வைத்தேன். குனிந்து ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார்.

"இத்தினியூண்டு கீது. இதுவா?"

ஆமாம் என்றேன்.

"எல்லாம் செத்துடுச்சா?"

"ஒண்ணு பாக்கியில்லாம."

நிமிர்ந்து மனைவியைக் கூப்பிட்டார். அவள் பார்த்துவிட்டு, அழகாத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். பிறகு இருவரும் சாலையைக் கடந்து நின்றார்கள். பஸ் வந்தபோது அவளை முந்தவிடாமல் படியில் அவரே முதலில் ஏறி, அவளுக்குக் கை கொடுத்தார்.